நெதர்லாந்தின் ‘லவ்’ பெண்கள் குழு: பாடியவர்களுடையதா, எழுதியவர்களுடையதா?

ஊசிமுனை எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். 1970களின் ஐரோப்பியப் பாப் இசையைப் பற்றி இங்கே எப்போது பேசினாலும் பேச்சு சுவீடனின் ஆபா குழுவில் தொடங்கி போனி எம் குழுவில் முடிந்துவிடுகிறது. அதே ஆண்டுகளில் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து வரை பாடல் பட்டியல்களின் முன்வரிசையில் நின்ற நெதர்லாந்துப் பெண்கள் மூவரின் குழுவை யாரும் குறிப்பிடுவதே இல்லை. ஆகவே இந்த இழையை ‘லவ்’ குழுவுக்கென்றே தொடங்குகிறேன். ஆங்கிலத்தில் காதலைக் குறிக்கும் சொல்லை, பள்ளிச் சிறுமி குறிப்பேட்டின் ஓரத்தில் கிறுக்குவதுபோல், எல், யூ, வி என்று மூன்றே எழுத்துகளில் சுருக்கி, கடைசி எழுத்தின் தலைமேல் ஒரு சிறு கொம்பையும் போட்டுவிடுவார்கள். அதுதான் பெயர்.

குழு உருவானது 1976இல். உருவாக்கியவர்கள் பாடகிகள் அல்லர். ஹான்ஸ் வான் ஹேமெர்ட் என்ற தயாரிப்பாளரும், பீட் சௌவர் என்ற இசையமைப்பாளரும், பிம் டெர் லிண்டே என்ற மேலாளரும் சேர்ந்து போட்ட திட்டம் அது. ஜோசே ஹூபே, மார்கா ஷைடே, பேட்டி பிரார்ட் ஆகிய மூவர் அந்தத் திட்டத்துக்குள் வந்து சேர்ந்தார்கள். 1977இல் வெளியான ‘மை மேன்’ பட்டியலில் ஏறியது. அடுத்த பாடலான ‘ட்ரீம், ட்ரீம்’ எடுபடவில்லை. 1978இல் ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் முகப்புப் பாடலாக ‘யூ ஓ மீ’ வந்ததும் நிலைமை மாறிற்று. அதே ஆண்டில் ‘யூ ஆர் தி கிரேட்டஸ்ட் லவர்’, ‘ட்ரோஜன் ஹார்ஸ்’ இரண்டும் நெதர்லாந்தில் அடுத்தடுத்து முதலிடம் பிடித்தன. 1981இல் குழு கலைந்துவிட்டது. முதல் பாடலிலிருந்து எண்ணிப் பார்த்தால் நான்கு ஆண்டுகள்தாம்.

நான் கேட்க நினைப்பது இதைத்தான். இந்த நான்கு ஆண்டு வெற்றியை யார் கணக்கில் எழுதுவது? பாடல்களை மறுபடி மறுபடி கேட்ட பிறகு எனக்குத் தோன்றும் விடை, பாடிய மூவரின் கணக்கில் என்பதே. மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

(பெயர் பற்றி ஒரு சொல்: ‘பேட்டி’ என்பதைத் தமிழில் எப்படி எழுதினாலும் வம்புதான். ஒரு வழியில் முதியவளாகிறார், இன்னொரு வழியில் சாமான் வைக்கும் பொருளாகிறார். பிற்காலத்தில் தொலைக்காட்சியிலேயே குடியிருந்தவர் என்பதால் ‘பேட்டி’ என்றே வைத்துக்கொள்கிறேன்.)

மருதாணி எழுதியது:

ஊசிமுனை அவர்களே, உங்கள் அன்பு புரிகிறது. ஆனால் உங்கள் பதிவே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. திட்டம் வேறொருவருடையது, பாட்டு வேறொருவருடையது, பெயரும் வேறொருவர் வைத்தது. இதில் பாடகிகளின் பங்கு என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்? 1977இல் ஐரோப்பாவில் எது விற்றுக்கொண்டிருந்தது என்று பாருங்கள். மூனிக் நகரத்துத் தயாரிப்பாளர்கள் உருவாக்கிய சில்வர் கன்வென்ஷன், ஸ்பெயின் நாட்டு இளம்பெண்கள் இருவரைக் கொண்டு ஜெர்மனியில் உருவான பக்காரா, இவற்றுக்கெல்லாம் மேலே ஆபா. இவற்றைப் பார்த்து, நம் நாட்டிலும் ஒன்று செய்வோம் என்று ஒருவர் மேசைமுன் அமர்ந்து கணக்குப் போட்டதன் விளைவே இந்தக் குழு. ஆபாவின் பெண்கள் இருவரும் பாட்டெழுதிய ஆண்களின் துணைவியர். நால்வரும் ஒரே குழுவின் உறுப்பினர்கள். லவ் குழுவிலோ எழுதியவர்கள் மேடைக்கு வெளியே இருந்தார்கள், பாடியவர்கள் மேடையில் நின்றார்கள். ‘நெதர்லாந்தின் ஆபா’ என்று அக்காலத்துப் பத்திரிகைகள் போட்ட ஒப்பீடு அங்கேயே உடைந்துபோகிறது.

அந்த மேசைக்காரரையும் கொஞ்சம் பாருங்கள். வான் ஹேமெர்ட் புதியவர் அல்லர். 1970களின் தொடக்கத்தில் மௌத் அண்ட் மெக்நீல் என்ற ஆண் பெண் இணையைக் கொண்டு அமெரிக்கப் பட்டியலின் முதல் பத்துக்குள் நுழைந்தவர் அவர். 1974இல் பிரைட்டன் நகரில் நடந்த, ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் அதே இணை அவருடைய மெட்டைப் பாடி இரண்டாம் இடம் பெற்றது. அன்றிரவு வென்றவர்கள் ஆபா. தம்மை வென்றவர்களின் வழியையே மூன்றாண்டு கழித்துத் தம் ஊரில் விரித்துப் பார்த்தார் என்றுதான் இதைப் படிக்க முடியும்.

தாளக்கட்டு எழுதியது:

ஒரு சிறு திருத்தம். 1974இல் நெதர்லாந்து பெற்றது மூன்றாம் இடம். இரண்டாம் இடம் இத்தாலியின் ஜிலியோலா சின்குவெட்டிக்குப் போனது. மருதாணி அவர்களின் வாதத்துக்கு இதனால் கேடு இல்லை.

வாதத்திலேயே எனக்கு ஓர் ஐயம் உண்டு. மேசையில் போட்ட கணக்கு சரியாக இருந்தால் ‘ட்ரீம், ட்ரீம்’ ஏன் விழுந்தது? அதே எழுத்தாளர்கள், அதே குரல்கள், அதே ஒலிப்பதிவு முறை. அடுத்த பாடல் எழுந்ததற்குக் காரணம் தொலைக்காட்சி என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். விபிஆர்ஓ என்ற ஒளிபரப்பு அமைப்புக்காக விம் டி. ஸ்கிப்பர்ஸ் உருவாக்கிய குறும்புத்தனமான தொடர் அது. வால்டோலாலா என்ற கற்பனைக் கேளிக்கை விடுதியைச் சுற்றி நடக்கும் கதை. கண்ணியமான வீடுகளில் முகம் சுளிக்க வைத்த அந்தத் தொடரை முகம் சுளித்தவர்களும் விடாமல் பார்த்தார்கள். வாரந்தோறும் முகப்பில் ஒலிக்கும் பாட்டு கடைக்குப் போவதற்குள் மனப்பாடமாகிவிடும். இதில் எழுதியவர்களின் கணக்கும் இல்லை, பாடியவர்களின் திறமும் இல்லை, வாய்ப்பு இருந்தது. அதன் பிறகு வந்த இரண்டு முதலிடங்களுக்கு வாய்ப்பை மட்டும் காரணமாகச் சொல்ல இயலாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வடமராட்சியான் எழுதியது:

உறவுகளுக்கு வணக்கம். ஒல்லாந்தில், அதாவது நெதர்லாந்தில், முப்பது வருடத்துக்கு மேல் இருக்கிறேன் என்பதால் இந்தத் திரியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இங்கே ஏப்ரல் 27ஆம் திகதி அரசரின் பிறந்த நாள். அன்று யாரும் தெருவோரத்தில் போர்வையை விரித்து வீட்டுப் பழஞ்சாமானை விற்கலாம்; அனுமதி கேட்கத் தேவையில்லை. சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு போர்வையில், குழந்தையின் சறுக்குக் காலணிக்கும் கோப்பித் தூள் அரைக்கும் மரப்பெட்டிக்கும் நடுவில், ‘ட்ரோஜன் ஹார்ஸ்’ ஏழு அங்குல இசைத்தட்டு ஒன்று கிடந்தது. ஒரு யூரோ கொடுத்து எடுத்து வந்தேன். உறையின் பின்பக்கத்தில் யாரோ ஒரு சிறுமி நீல மையால் தன் பெயரை எழுதி, அதே கொம்பைத் தன் பெயரின் கடைசி எழுத்துக்கும் போட்டு வைத்திருக்கிறாள். நாற்பது வருடம் கழிந்தும் மை மங்கவில்லை.

இப்போது ஊசிமுனை அண்ணாவின் கேள்விக்கு வருகிறேன். உறையின் முன்பக்கம் முழுக்க அந்த மூவரும்தான். தட்டை வெளியே எடுத்து நடுவட்டச் சீட்டைப் பார்த்தால் மூவரின் பெயரும் அதில் இல்லை. குழுவின் பெயர் இருக்கிறது, தயாரிப்பாளராக வான் ஹேமெர்ட்டின் பெயர் இருக்கிறது, எழுதியவர்கள் இடத்தில் ‘யான்ஷன், யான்ஷன்ஸ்’ என்று இருக்கிறது. அப்படி இருவர் உலகில் இல்லை. வான் ஹேமெர்ட்டும் சௌவரும் சேர்ந்து வைத்துக்கொண்ட புனைபெயர் அது. டின்டின் சித்திரக் கதையின் ஒல்லாந்து மொழிப் பதிப்பில் இரட்டைத் துப்பறிவாளர்களின் பெயர் யான்சன், யான்சன் என்பதால், இந்த ஊர்க்காரர் பார்த்ததும் சிரிப்பார்கள். எழுதியவர்கள் தங்களையே நகைச்சுவையாகக் காட்டியிருக்கிறார்கள். பிழைப்புக்காகப் பாட்டுச் செய்கிறோம், பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அவர்களே ஒதுங்கி நிற்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேட்டி பிரார்ட் பிறந்தது 1955இல், சோரோங் என்ற ஊரில். அது இன்றைக்கு இந்தோனேசியாவின் பப்புவாப் பகுதி. அன்றைக்கு ஒல்லாந்தின் கடைசிக் கிழக்குக் குடியேற்றம். இந்தோனேசியா 1949இல் கையை விட்டுப் போன பின்னும் நியூ கினியை மட்டும் 1962 வரை ஒல்லாந்து பிடித்து வைத்திருந்தது. அங்கிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் ஐரோப்பிய, ஆசியக் கலப்புக் குடும்பங்கள் கப்பல் கப்பலாக இங்கே வந்து இறங்கின. முன்பின் பார்த்திராத ‘தாய்நாட்டுக்கு’ வந்த அந்தச் சனம் இந்த நாட்டின் பாப் இசைக்குக் கொடுத்த கொடை சிறியதல்ல. 1950களின் கடைசியில் கிட்டாரைத் தலைக்குப் பின்னால் பிடித்து வாசித்த டீல்மன் சகோதரர்கள் முதல் வரிசை. பேட்டி அதற்கு இருபது வருடம் பின்னால் வந்தவர். 1980இல் அவர் விலகியபோது அவருடைய இடத்துக்கு எடுக்கப்பட்ட ரியா தீல்ஷும் அதே பின்புலத்தவர். அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. மூன்று முகங்கள் மூன்று சாயலில் இருக்க வேண்டும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த மட்டில் மருதாணி அக்காவின் பக்கம் நியாயம் இருக்கிறது.

பக்கவாத்தியம் எழுதியது:

பதிப்புரிமை தொடர்பான வேலையில் நீண்ட நாள் இருந்தவன் என்ற முறையில், ‘யாருடைய குழு’ என்ற கேள்வியை ரசனையிலிருந்து கொஞ்சம் நகர்த்திக் காசு போன வழியில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

நெதர்லாந்தில் பாட்டெழுதியவர்களுக்கும் மெட்டமைத்தவர்களுக்கும் உரிய பணத்தை வசூலிக்க இரண்டு அமைப்புகள் கைகோத்து இயங்குகின்றன. 1913இல் தொடங்கிய பூமா, வானொலியிலோ மேடையிலோ கடையிலோ ஒரு பாட்டு ஒலிக்கும்போது எழுதியவருக்குப் பங்கு சேர்க்கிறது. 1936இல் தொடங்கிய ஸ்டெம்ரா, ஒரு தட்டு அச்சடிக்கப்படும்போது அவருக்குரியதை வாங்கிக் கொடுக்கிறது. ஆக 1978இன் கோடையில் ‘கிரேட்டஸ்ட் லவர்’ ஒவ்வொரு முறை வானொலியில் வந்தபோதும், வடமராட்சியான் குறிப்பிட்ட இல்லாத அந்த யான்ஷன்களின் கணக்கில் சில காசுகள் விழுந்தன. பாடிய மூவருக்கு அந்த ஒலிபரப்பால் சட்டப்படி எதுவும் கிடையாது. அவர்களுடைய ஒப்பந்தம் என்ன கொடுத்ததோ அதுதான்.

இது ஒரு நிறுவனத்தின் கஞ்சத்தனம் பற்றிய கதை அன்று; நாட்டின் சட்டமே அப்படித்தான் இருந்தது. பாடுபவர், வாசிப்பவர், ஒலிப்பதிவு செய்பவர் ஆகியோருக்குத் தனி உரிமை வழங்கும் ரோம் உடன்படிக்கை 1961லேயே எழுதப்பட்டுவிட்டது. நெதர்லாந்து அதில் சேர்ந்தது 1993இல். அதே ஆண்டு ஜூலை 1ஆம் நாள் இந்த உரிமையைத் தரும் அண்டை உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வசூலிப்பதற்கு சேனா என்ற அமைப்பும் ஏற்பட்டது. அன்றிலிருந்துதான் வானொலிப் பணத்தில் பாடியவர்களுக்கு ஒரு பாதியும் ஒலிப்பதிவின் உரிமையாளருக்கு மறுபாதியும் என்ற ஏற்பாடு வந்தது. 1993இல் லவ் கலைந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் இந்த உரிமையின் காலத்தை 50 ஆண்டுகளிலிருந்து 70ஆக நீட்டியது. அதன்படி 1978இல் வெளியான பதிவுக்கு 2048 வரை பாதுகாப்பு உண்டு. எழுதியவரின் உரிமையோ அவருடைய வாழ்நாளுக்குப் பிறகும் 70 ஆண்டுகள் ஓடும். வான் ஹேமெர்ட் 2024இல்தான் காலமானார்; கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். பாட்டை எழுதியவர் தூங்கும்போதும் பாட்டு அவருக்காக உழைக்கும். பாடியவர் எழுந்து அரங்கத்துக்குப் போனால்தான் உண்டு. இதனால்தான் பெண்கள் குழுக்களின் வாழ்க்கை குறுகியதாகவும், ஓட்டம் மிகுந்ததாகவும், ஓய்வில்லாததாகவும் அமைந்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

ஊசிமுனை எழுதியது:

பக்கவாத்தியம் ஐயாவின் பதிவைப் படித்தபின் என் நிலையைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. வெற்றி மூவருடையது என்று எழுதினேன். சொத்து அவர்களுடையது அன்று என்பதை அப்போது எழுதவில்லை.

ஆனால் பாடகிகளின் பங்கு என்ன என்று மருதாணி கேட்டதற்கு விடை தர முயல்கிறேன். ‘டாப்பாப்’ என்ற நெதர்லாந்து இசை நிகழ்ச்சியிலும், ஜெர்மனியின் ‘மூசிக்லாடன்’ நிகழ்ச்சியிலும் அவர்கள் தோன்றிய பழைய காட்சிகளை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஒலிநாடா ஓட, வாயசைப்பதுதான் அன்றைய வழக்கம். ஆகவே மேடையில் குரலுக்கு வேலை இல்லை, உடம்புக்குத்தான் வேலை. மூவரும் ஒரே நேரத்தில் தோளைத் திருப்புகிறார்கள். ஆனால் ஒருவர் கேலியாகவும், ஒருவர் மெய்யாகவே மகிழ்ந்தும், ஒருவர் கேமராவுக்குச் சவால் விட்டும் திருப்புகிறார்கள். பாட்டின் சொற்கள் எட்டு வயதுக் குழந்தைக்கும் புரியும் ஆங்கிலம். ஜெர்மானியரும் ஆஸ்திரியரும் அகராதி இல்லாமல் பாட வேண்டும் என்பதற்காகவே அப்படி எழுதப்பட்டவை. அந்தச் சொற்களை நேராகப் பாடினால் அசடு வழியும். பாதி கண்ணடித்துப் பாடியதால்தான் தப்பித்தன. அந்தக் கண்ணடிப்பை யான்ஷன்கள் எழுதித் தரவில்லை.

குறுகிய வாழ்வுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1979இல் குழு பிலிப்ஸ் நிறுவனத்திலிருந்து, கரேர் என்ற பெயரில் தட்டுகளை வெளியிடும் நிறுவனத்துக்கு மாறியது. ‘ஊ, யெஸ் ஐ டூ’ அங்கே வந்த முதல் பாடல். அது ஓடியது, ஆனால் 1978இன் வேகம் திரும்பவில்லை. ஸ்பானிய மொழியில் பாடி மெக்சிகோ வரை போனார்கள், இசை ஏற்றுமதிக்கான பரிசும் பெற்றார்கள், பிரிட்டன் மட்டும் கதவைத் திறக்கவே இல்லை. 1980 ஆகஸ்டில் பேட்டி விலகினார். புதியவர் வந்தும், சில மாதங்களில் எல்லாம் முடிந்தது. சொத்து தயாரிப்பாளரிடமும் பெயர் அவருடைய பையிலும் இருந்தும், ஒரு முகம் மாறியதும் குழு நிற்கவில்லை என்பதை மருதாணி கவனிக்க வேண்டும்.

மருதாணி எழுதியது:

கவனித்தேன். ஒப்புக்கொள்ளப் பாதி மனம் வருகிறது. மறுபாதி வராததற்குப் பக்கத்து பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். நெதர்லாந்திலும் குழந்தைகள் கொண்டாடும் கே3 குழு 1998இல் பெண்கள் மூவருடன் தொடங்கியது. 2009இல் ஒருவர் விலக, தொலைக்காட்சிப் போட்டி நடத்தி நெதர்லாந்துக்காரரான யோஸ்ய ஹைஸ்மனைச் சேர்த்தார்கள். 2015இல் மூவரையுமே மாற்றி, மறுபடி ஒரு போட்டி வைத்து, புதிய மூவரை நிறுத்தினார்கள். குழு நிலைத்து நின்றது, இன்னும் பெருத்தது. பெயர் ஸ்டூடியோ 100 என்ற நிறுவனத்தின் கையில் இருந்ததே காரணம். முகம் மாறினால் குழு நிற்காது என்பது 1980இன் விதி. குழந்தைகளை நம்பித் தொழில் செய்பவர்கள் அதை மீறக் கற்றுக்கொண்டார்கள்.

நெதர்லாந்துக்குள்ளேயே லவ்வை அடுத்து வந்தவர்களையும் ஒப்பிட வேண்டும். 1979இல் தொடங்கிய டாலி டாட்ஸ் ஆறு பெண்களைக் கொண்டது. முதல் பாட்டே சறுக்குச் சக்கரம் பற்றியது. 1983இல் முதலிடம் பெற்றார்கள். 1985இல் ஒருவர் விலகியபின் ஐவராகவே நின்று 1988 வரை தாக்குப்பிடித்தார்கள். லவ்வைவிட இரு மடங்கு வாழ்வு. மேல்நிலைப் பள்ளித் தோழிகளைப்போல் உடுத்தி, சிறுமிகளைப் பார்த்துப் பாடியதுதான் அவர்களைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். லவ்வின் பாட்டு ஆண்களைப் பார்த்துப் பாடப்பட்டது. ஆண்களின் கவனம் சீக்கிரம் வேறு பக்கம் திரும்பிவிடும். லவ்வுக்கு மூடியே இருந்த பிரிட்டன் கதவைத் திறந்தவர்கள் மை தாய் என்ற இன்னொரு நெதர்லாந்துப் பெண்கள் மூவரின் குழுவினர். எரிக் வான் டைன், யோகெம் ஃப்ளைட்ஸ்மா ஆகியோரின் தயாரிப்பில் 1985இல் ‘ஹிஸ்டரி’, ‘பாடி அண்ட் சோல்’ என்று இரண்டு பாடல்கள் பிரிட்டனின் முதல் பத்துக்குள் போயின. அவர்களுடையது ஆட்டக்கூடத்துக்கான சோல் இசை. கண்ணடிப்பு எதுவும் இல்லை. என்னைக் கேட்டால் குரல் என்று பார்த்தால் இந்த மூவருக்கு முன்னால் லவ் நிற்காது. ஊசிமுனை கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இன்றைக்கு நெருங்கி வந்தால் ஓஜீன் இருக்கிறது. லிசா, ஏமி, ஷெல்லி என்ற மூன்று சகோதரிகள், பின்னிருவரும் இரட்டையர். 2014இல் நெதர்லாந்தின் ‘தி வாய்ஸ்’ தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியை வென்ற முதல் குழு. 2017இல் கீவ் நகரில் யூரோவிஷன் இறுதியில் 150 புள்ளிகளுடன் 11ஆம் இடம். தங்கள் அன்னையின் நோயை ஒட்டி எழுதப்பட்ட பாட்டு அது. எழுதியவர்களில் ஒருவர் அவர்களுடைய தந்தை. பக்கவாத்தியம் ஐயா சொன்ன எழுத்தாளர் பங்கு இங்கே குடும்பத்துக்குள்ளேயே தங்குகிறது. நாற்பது ஆண்டில் நடந்த மாற்றம் என்று எனக்குத் தோன்றுவது இதுதான்.

தாளக்கட்டு எழுதியது:

ஓஜீன் வென்ற அதே போட்டியின் தொடக்கப் பருவங்களில் பயிற்றுநர் நாற்காலியில் அமர்ந்திருந்தவர் டாலி டாட்ஸின் ஆங்கெலா ஹ்ரோட்ஹைசன் என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன். டாலி டாட்ஸ் 2007இல் ராட்டர்டாமின் அஹோய் அரங்கில் மீண்டும் கூடிப் பாடியது. இரண்டு ஆண்டு கழித்து அதன் உறுப்பினர்களில் ஒருவரான ரியா பிரீஃபீஸ் நுரையீரல் புற்றுநோயால் காலமானார்.

வடமராட்சியான் எழுதியது:

லவ்வின் மூவரும் பிறகு என்ன ஆனார்கள் என்று யாரும் எழுதவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் ஊசிமுனை அண்ணாவின் கேள்விக்கு விடை முழுமையாகாது. ஜோசே 1982இல் தனியாகப் பாடிய ‘ஐ வில் ஃபாலோ ஹிம்’ ஒல்லாந்திலும் பெல்ஜியத்திலும் முதலிடம் போனது. அது அறுபதுகளின் பழைய பாட்டு. யான்ஷன்கள் எழுதியது அல்ல. அதன் பிறகு போனி செயிண்ட் கிளேருடன் இணைந்து பாடினார். பேட்டி தொலைக்காட்சியில் தொகுப்பாளராக, வம்பு பேசுபவராக, தன் வாழ்க்கையையே நிகழ்ச்சியாக்கியவராக, பல பத்தாண்டு நின்றார். இங்கே பிறந்த என் பிள்ளைகளுக்கு அவரைத் தொலைக்காட்சி அம்மாவாகத்தான் தெரியும். பாடினார் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். மார்கா 1989இல் வேறு இருவரைச் சேர்த்துக்கொண்டு அதே பெயரில் குழுவை மறுபடி நடத்தினார். மூலமான மூவரும் 1993இலும், பிறகு 2006 அளவிலும் திரும்பச் சேர்ந்தார்கள், பிரிந்தார்கள், சேர்ந்தார்கள். திட்டம் போட்டவர்கள் கை கழுவிப் பல வருடம் ஆன பிறகும் அந்தப் பெயரை இழுத்துக்கொண்டு போனவர்கள் அந்தப் பெண்கள்தான்.

மருதாணி அக்கா, மை தாயின் குரல் பற்றி நீங்கள் சொன்னதை நானும் ஏற்கிறேன். ஆனால் இங்கே ஐம்பதாவது பிறந்தநாள் விருந்து ஒன்றுக்கு வந்து பாருங்கள். இரவு பதினொரு மணிக்கு ‘ஹிஸ்டரி’ போட்டால் தலையை ஆட்டுவார்கள். ‘ட்ரோஜன் ஹார்ஸ்’ போட்டால் கணக்காளரும் பல் வைத்தியரும் எழுந்து வந்து, மூன்று மூன்று பேராக நின்று, அந்தத் தோள் திருப்பலைச் செய்வார்கள். யாரும் சொல்லிக் கொடுத்தது கிடையாது.

ஊசிமுனை எழுதியது:

தோள் எந்தப் பக்கம் முதலில் திரும்புகிறது என்பதைக் கவனித்துச் சொல்ல முடியுமா, வடமராட்சியான்? என்னிடம் உள்ள காட்சி கண்ணாடிப் பிம்பம்போல் இடவலம் மாறிப் பதிவாகியிருக்குமோ என்று நெடுநாள் ஐயம். அப்படியே, அந்தத் தட்டின் மறுபக்கத்தில் என்ன பாட்டு இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.